முடிவு தெரியக் கூடாது, விதி தெரிந்திருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரை ஒன்றில், ஒரே அணி தொடர்ந்து வென்றுகொண்டிருந்தால் பார்வையாளர்கள் சலித்துப்போவார்கள் என்றும், ஆகவே போட்டி நடத்துவோர் விதிகளை அவ்வப்போது மாற்றி எதிர்பாராத முடிவுகளுக்கு வழி செய்ய வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. முதற்பாதியை முழுமனத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

நான் ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். விளையாட்டு வீரன் அல்லன். இளவயதில் கபடி ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டதோடு சரி. ஆனால் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில் பொங்கல் நோம்பியை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் கபடிப் போட்டிக்கு நெடுங்காலமாக வரவு செலவு பார்ப்பவன் என்பதால், கூட்டம் எப்போது கூடுகிறது, எப்போது கலைகிறது என்பதைக் கணக்கு நோட்டின் வழியாக அறிந்தவன். எங்கள் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. எனவே மைதானத்தைச் சுற்றிக் கடை போடும் உரிமைக்கு நடக்கும் ஏலம்தான், எத்தனை பேர் வருவார்கள் என்று ஊர் எதிர்பார்க்கிறது என்பதற்கு எங்களிடம் உள்ள ஒரே அளவுகோல். சோளப்பொரி விற்பவரும் கம்மங்கூழ் விற்பவரும் எந்தக் கட்டுரையாளரையும் விடத் துல்லியமாகக் கூட்டத்தைக் கணிப்பவர்கள்; தவறாகக் கணித்தால் இழப்பு அவர்களுடைய கைப்பணம் அல்லவா?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு அணி வெளி மாவட்டங்களிலிருந்து சம்பளத்துக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்து, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எங்கள் சுழற்கோப்பையை எடுத்துச் சென்றது. அவர்கள் ஆடியது நல்ல ஆட்டம் என்பதில் ஐயமில்லை. முதலாண்டு ஊரே வாய்பிளந்து பார்த்தது. இரண்டாமாண்டு இறுதியாட்டத்தின் பாதியில், முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஏனுங்க அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். "ஜெயிக்கறது ஆருன்னு தெரிஞ்சு போச்சுங்க. இனி இங்க ஒக்காந்து என்ன பண்றதுங்க, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுறனுங்க" என்றார். மூன்றாமாண்டு கடை ஏலத்தில் பாதி இடங்களுக்குக் கேட்பாரில்லை.

அப்போது அந்தப் பெரியவர் சொன்னதைத்தான் பொருளியல் அறிஞர்கள் எப்போதோ கட்டுரையாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அமெரிக்க பேஸ்பால் வீரர்களின் ஊதியச் சந்தையைப் பற்றி 1956இல் எழுதிய சைமன் ராட்டன்பர்க், காசு கொடுத்துப் பார்க்க வருவோரை இழுப்பதில் முடிவின் உறுதியின்மைக்குப் பெரும்பங்கு உண்டு என்றார். 1964இல் வால்டர் நீல் என்பவர் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸை எடுத்துக்காட்டாக வைத்து இதை இன்னும் கூர்மையாக்கினார். மண்டியில் எதிர்க்கடை மூடப்பட்டால் இந்தக் கடைக்காரருக்குக் கொண்டாட்டம். ஆனால் லூயிஸுக்கு எதிரே நிற்கத் தகுதியுள்ள எவருமே இல்லாமற்போனால் லூயிஸின் பிழைப்பே போய்விடும். 1936இல் தன்னை வீழ்த்திய ஜெர்மானியர் மேக்ஸ் ஷ்மெலிங்குடன் 1938இல் லூயிஸ் மீண்டும் மோதியபோது நியூயார்க்கின் யாங்கி அரங்கில் சுமார் 70,000 பேர் கூடினார்கள். சண்டை முதல் சுற்றிலேயே, இரண்டு நிமிடங்களைச் சற்றுத் தாண்டி முடிந்துவிட்டது. காசு வீணாகிவிட்டதென்று நினைத்திருப்பார்களா? நான் நினைக்கவில்லை. அவர்கள் விலை கொடுத்தது அந்த இரண்டு நிமிடங்களுக்கு மட்டுமன்று, 'இந்தமுறை யார்' என்று தெரியாமல் கழிந்த இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான்.

எதிராளி சமமாக அமைவது தானாக நடப்பதில்லை என்பதால்தான் விதி தேவைப்படுகிறது. பணம் உள்ளவன் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாங்கிவிடுவான். வென்றவனுக்கு மேலும் பணம் சேரும். அதைக்கொண்டு மேலும் வாங்குவான். இந்தச் சுழலை முறிக்கத்தான் அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீக், கடைசி இடம் பெற்ற அணிக்கே புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாய்ப்பு என்ற டிராஃப்ட் முறையை 1936இல் கொண்டுவந்தது. 1994இல் அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு விதித்தது. நம் ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே தொகையே வரம்பாக வைக்கப்படுவதும் அதே நோக்கத்தில்தான். 2008இல் முதல் தொடரை ஷேன் வார்னின் ராஜஸ்தான் அணி வென்றதும், 2022இல் புதிதாக நுழைந்த குஜராத் அணி முதலாண்டிலேயே கோப்பையைத் தூக்கியதும், பெங்களூரு அணி பதினெட்டாம் தொடர் வரை காத்திருந்து 2025இல் வென்றதும் அந்த வரம்பு இல்லாத இடத்தில் எளிதில் நடந்திருக்கக்கூடியவை அல்ல. புரோ கபடியிலோ 2018 முதல் 2024 வரையிலான ஆறு தொடர்களில் ஆறு வெவ்வேறு அணிகள் கோப்பையை வென்றன. (2017இல் சேர்ந்த நம் தமிழ் தலைவாஸ் அணி அந்த ஆறில் ஒன்றாக இல்லாதது பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்; அது ஆசிரியருக்கு எழுதும் கடிதமாக இருக்காது.)

இந்த வரம்புக்கு இன்னொரு பலனும் உண்டு, அது நம் பக்கத்து மண்ணைத் தொட்டது. பெயர் பெற்றவர்களை எல்லாம் ஒரே அணி வாங்க முடியாது என்னும்போது, அணிகள் பெயர் பெறாதவர்களைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பத் தொடங்குகின்றன. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் வீசிப் பழகிய நடராஜன், தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) வழியாகக் கண்ணில் பட்டு, 2017 ஏலத்தில் பஞ்சாப் அணிக்கு 3 கோடி ரூபாய்க்குப் போய், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியதை நாம் அவருடைய உழைப்பின் கதையாகவே பார்க்கிறோம். அது சரிதான். கூடவே, ஏலத்தொகைக்கு வரம்பு வைத்த ஒரு விதியின் கதையாகவும் அதைப் பார்க்கலாம். 2025 டி.என்.பி.எல். கோப்பையைத் திருப்பூர் அணி முதன்முறையாக வென்றபோது, அதற்கு முன் கிரிக்கெட்டைத் திரும்பியும் பார்க்காத என் மைத்துனர் பனியன் கம்பெனி வாசலில் இனிப்பு கொடுத்தார். அடுத்த ஆண்டும் பார்ப்பார் என்றே தோன்றுகிறது.

இந்த அறிவு நமக்கு அயல்நாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா நடத்துபவர்கள் காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கணித்து, இளங்காளைகளை 200 மீட்டருக்கும் முதிர்ந்தவற்றை 300 மீட்டருக்கும் பிரித்துவிடுகிறார்கள். பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டால் எந்த வண்டி முந்தும் என்பது கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். பந்தயமும் இராது, பார்க்க ஆளும் இராது. எங்கள் ஊர்ப் போட்டியிலும் நான்காமாண்டு எடைப் பிரிவு வைத்தோம்; ஓர் அணியில் வெளியூர் ஆட்டக்காரர் இருவருக்கு மேல் கூடாதென்றும் எழுதினோம். கோப்பையை அடிக்கடி எடுத்துச் சென்ற அணியினர் முறைத்தார்கள். ஆனால் சோளப்பொரிக்காரர் திரும்பி வந்தார்.

அணிகளைச் சமன் செய்யும் விதிகளைப் போலவே, ஆட்டத்துக்குள்ளேயே உயிரூட்டும் விதிகளும் உண்டு. நான் ஆடிய காலத்துக் கபடியில் முன்னிலை பெற்ற அணி என்ன செய்யும்? பாடிப் போகிறவர் நடுக்கோட்டைத் தாண்டி, கடக்க வேண்டிய உட்கோட்டைக் கடமைக்குக் கடந்துவிட்டு, யாரையும் சீண்டாமல் திரும்பிவிடுவார். இப்படியே நேரத்தை ஓட்டி வெல்வதில் நாங்கள் கெட்டிக்காரர்கள் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கடைசிப் பத்து நிமிடம் சவ்வாக இழுக்கும். இப்போது புரோ கபடியில் அடுத்தடுத்து இரண்டு ரைடுகள் புள்ளியின்றிப் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை' ரைடு. புள்ளி எடுக்காமல் திரும்பினால் பாடிப் போனவரே அவுட். மூவரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும் அணி ரைடரைப் பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்' என்று ஒரு புள்ளி கூடுதல். முதல் விதி முன்னிலையில் இருப்பவனைச் சோம்பியிருக்க விடுவதில்லை; இரண்டாவது விதி, ஆளிழந்து தடுமாறுபவனுக்கு மீண்டெழ ஒரு படி போட்டுக் கொடுக்கிறது. இரண்டுமே புள்ளியை இனாமாகத் தருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரைடர் துணிய வேண்டும், மூவர் சேர்ந்து மடக்க வேண்டும். எங்கள் ஊர் மைதானத்தில் இந்த விதிகளைக் கொண்டுவந்த ஆண்டில், இருபது ஆண்டுகளாகக் கபடி பார்ப்பவர்களே புதிதாகப் பார்ப்பவர்களைப் போல எழுந்து நின்று பார்த்தார்கள்.

அமெரிக்கக் கூடைப்பந்தில் இதே நோய் வந்து இதே மருந்தால் குணமானது. 1950இல் ஃபோர்ட் வெயின் அணி மின்னியாபோலிஸ் அணியை 19க்கு 18 என்ற கணக்கில் வென்றது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியதன் விளைவு அது. ஆட்டம் பார்க்கச் சகிக்காமற்போகவே, சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் வலியுறுத்த, 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954இல் வந்தது. கால்பந்திலும் 1990 உலகக் கோப்பையில் கோல்கள் வற்றிப்போன பிறகு, சக வீரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாதென்று 1992இல் தடுத்தார்கள். இவற்றை எல்லாம் விதி மாற்றத்துக்கு எதிரானவன் நான் அல்லன் என்று காட்டுவதற்காகவே குறிப்பிடுகிறேன்.

என் வழக்கு எங்கே என்றால், எதிர்பாராத முடிவு என்பது ஆட்டத்திலிருந்து பிறந்ததா, அல்லது ஆட்டத்துக்கு வெளியிலிருந்து திணிக்கப்பட்டதா என்பதைக் கட்டுரையாளர் பிரித்துப் பார்க்கவில்லை என்பதில்தான். நாணயம் சுண்டினாலும் முடிவு எதிர்பாராததுதான். அதைப் பார்க்க யாரும் பஸ் ஏறி வருவதில்லை.

இதை நான் பட்டறிந்துதான் சொல்கிறேன். ஓராண்டு எங்கள் அரையிறுதியாட்டம் சமனில் முடிந்தது. மணி நள்ளிரவைத் தாண்டிவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கான அணிகள் பனியில் நின்றுகொண்டிருந்தன. சமன் ஆனால் என்ன செய்வதென்று எங்கள் விதித்தாளில் ஒரு வரிகூட இல்லை. போட்டிக் குழுவில் இருந்த நாங்கள் ஐந்து நிமிடம் கூடிப் பேசி, டாஸ் போட்டு முடிவு செய்தோம். அந்த ஐந்து ரூபாய் நாணயம் என் சட்டைப்பையிலிருந்து எடுத்ததுதான். வெளியேறிய அணியின் தலைவனுக்கு இருபது வயது இருக்கும். என்னிடம் வந்து, "தோத்திருந்தா ஒத்துக்குவோமுங்க. இது தோல்வியே இல்லீங்களே, இத எங்கூர்ல போயி என்னன்னுங்க சொல்றது?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்த அணி வரவில்லை. அவர்களோடு வேன் பிடித்து வரும் அவர்கள் ஊர்க்கூட்டமும் வரவில்லை.

எங்களைப் போன்ற நாட்டுப்புறக் குழுதான் இப்படிச் செய்யும் என்று எண்ண வேண்டாம். 2019 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241 ஓட்டங்கள் எடுத்தன. சூப்பர் ஓவரிலும் தலா 15. அதன்பின் அதிக பவுண்டரி அடித்த அணி என்ற கணக்கில், 26க்கு 17 என்று கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. அந்த விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஓடி ஓடி எடுத்த ஓட்டமும் பவுண்டரியில் வந்த ஓட்டமும் நாள் முழுவதும் ஒரே மதிப்பாக இருந்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் ஒன்று மட்டும் உயர்சாதியாகிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அதைக் கைவிட்டு, வெற்றி கிடைக்கும்வரை சூப்பர் ஓவரையே மீண்டும் மீண்டும் ஆடுவதென்று மாற்றியது. 2021 டி20 உலகக் கோப்பையின் இரண்டு அரையிறுதிகளிலும் இறுதியாட்டத்திலும் டாஸ் வென்று பந்துவீச்சைத் தேர்ந்த அணியே வென்றது. அமீரகத்து இரவுப் பனியில் பந்து நனைந்து, பின்னால் பந்துவீசுபவர்களின் கையில் நிற்காமற்போனதே அதற்குப் பெருங்காரணமாகப் பேசப்பட்டது. ஐ.பி.எல்.லில் 2025 முதல், இரவு ஆட்டங்களின் இரண்டாவது இன்னிங்ஸில் நனைந்த பந்தை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். நாணயத்தின் பங்கைக் குறைத்து ஆட்டக்காரனின் பங்கைக் கூட்டும் இதுபோன்ற விதிகளைத்தான் நான் வரவேற்கிறேன்.

இன்னும் மோசமானவை, தோற்பதை ஆதாயமாக்கிவிடும் விதிகள். மேலே புகழ்ந்த டிராஃப்ட் முறையிலேயே இந்தக் கோளாறு ஒளிந்திருக்கிறது. கடைசி இடத்துக்கு முதல் வீரர் என்றால், கோப்பை வாய்ப்பை இழந்த அணி எதற்காக வியர்வை சிந்த வேண்டும்? அமெரிக்கக் கூடைப்பந்து லீக் 1985இல் குலுக்கல் முறையைப் புகுத்தியது இதற்காகத்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பேட்மிண்டனில், ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தேறிவிட்ட இணைகள் எளிதான எதிராளி கிடைக்கட்டும் என்று பந்தை வலையிலும் வெளியிலும் அடித்துத் தோற்க முயன்றன; நான்கு இணைகள் நீக்கப்பட்டன. 1994 கரீபியக் கோப்பைக் கால்பந்துக்கான தகுதியாட்டம் ஒன்றில் நடந்ததை நம்பவே கடினம். கூடுதல் நேரத்தில் விழும் கோல் இரண்டாகக் கணக்கிடப்படும் என்று ஒரு விதி. இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றாக வேண்டிய பார்படோஸ், ஒரு கோல் மட்டுமே முன்னிலையில் இருந்ததால், ஆட்டம் முடியும் தறுவாயில் தன் கோலிலேயே பந்தை அடித்துச் சமன் செய்து கூடுதல் நேரத்தை வரவழைத்துக்கொண்டது. அதைப் புரிந்துகொண்ட கிரெனடா அணியும், ஒரு கோலில் தோற்றாலும் தேறிவிடலாம் என்பதால், தன் கோலிலேயே அடித்துக்கொள்ளப் பாய, பார்படோஸ் வீரர்கள் இரண்டு பக்கக் கோல்களையும் காத்து நின்றார்கள்! எதிர்பாராத முடிவு வேண்டுமென்றால் இதைவிட எதிர்பாராதது வேறெதுவும் கிடையாது. ஆனால் இப்படி ஓர் ஆட்டத்தை இரண்டாம் முறை பார்க்க எவர் வருவார்?

கோவைக்காரர்கள் மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. அது என் வாதத்துக்கே ஓரளவு இடையூறானது என்றாலும். செட்டிபாளையம் பந்தயத் தடத்தையும் கார்ப் பந்தயப் பித்தையும் உடைய கோவையிலிருந்து புறப்பட்ட நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில் அவர் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அடுத்த நாள் செய்தியைப் படித்து நாங்கள் மண்டியில் மகிழ்ந்ததும், விவரத்தைப் படித்து மௌனமானதும் நினைவிருக்கிறது. அன்று ஓடியவை ஆறே கார்கள். மிஷெலின் டயர் பூட்டிய பதினான்கு கார்கள், அந்தத் தடத்தின் சாய்வான வளைவில் டயர் தாங்காது என்ற அச்சத்தால், முன்னோட்டச் சுற்று முடிந்ததும் ஒதுங்கிவிட்டன. தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே டயர்த் தொகுதிதான், நடுவில் மாற்றக் கூடாது என்பது அந்த ஆண்டுக்கான விதி. வளைவில் வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்பு வைக்கலாம் என்று அணிகள் கேட்டன. கடைசி நேரத்தில் தடத்தை மாற்ற முடியாதென்று நிர்வாகம் மறுத்தது. பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள், பாட்டில்களை எறிந்தார்கள். பின்னர் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக டயர் நிறுவனம் அறிவிக்க வேண்டியிருந்தது. கார்த்திகேயன் தன் காரை ஒழுங்காக ஓட்டி முடித்தார், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் முதல் இந்தியப் புள்ளியைக் கொண்டாட நினைத்தவர்களுக்குப் பாயசத்தில் உப்பு விழுந்ததுபோல் ஆயிற்று.

அதற்கு நேர்மாறானது 2021 டிசம்பரில் அபுதாபியில் நடந்தது. ஆண்டின் கடைசிப் பந்தயம். ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சமப் புள்ளிகளுடன் வந்து நின்ற நாள். விபத்தொன்றால் பாதுகாப்புக் கார் உள்ளே வந்தது. பந்தய இயக்குநர், சுற்றில் பின்தங்கிய கார்களில் அவ்விருவருக்கும் நடுவே நின்ற ஐந்தை மட்டும் முந்திச் செல்ல விட்டு, கடைசி ஒரு சுற்றுக்குப் பந்தயத்தைத் திறந்துவிட்டார். புது டயருடன் பின்னால் நின்ற வெர்ஸ்டாப்பன் முந்தி உலகச் சாம்பியனானார். அதைவிடப் பரபரப்பான சுற்று கிடைக்காது. ஆனால் அடுத்த பிப்ரவரியில் அந்த இயக்குநர் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். விசாரணை அறிக்கை மனிதப் பிழை என்று ஒப்புக்கொண்டது. இன்றளவும் அந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ஓட்டியவரைப் பற்றிப் பேசுவதில்லை, விதியை வளைத்தவரைப் பற்றியே பேசுகிறார்கள்.

முதலாவதில் விதியைக் காத்தார்கள், பந்தயம் போயிற்று. இரண்டாவதில் பந்தயத்தைக் காத்தார்கள், விதி போயிற்று. இரண்டில் எது குறைந்த தீமை என்று என்னைக் கேட்டால், இண்டியானாபோலிஸ் என்றே சொல்வேன். அங்கே கெட்டது ஒரு நாள். அபுதாபியில் கெட்டது ஓர் ஆண்டின் கணக்கு. நான் கணக்கெழுதியவன் என்பதால் இப்படித் தோன்றுகிறதோ என்னவோ. கடைசிப் பக்கத்தில் அழித்தெழுதிய ஒரு வரி இருந்தால் முழுப் பேரேட்டையும் தணிக்கையாளர் சந்தேகத்துடன்தான் புரட்டுவார்.

கபடியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆண்கள் இறுதியாட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28க்கு 28 என்று நின்ற வேளையில், இந்திய ரைடர் பவன் செராவத் யாரையும் தொடாமல், எதிராளியைத் தொட்ட பிறகே மிதிக்கக்கூடிய பக்கவாட்டு லாபியில் கால் வைத்தார். அவரைப் பின்தொடர்ந்து ஈரான் தடுப்பாளர்களும் லாபிக்குள் போய்விட்டார்கள். பழைய விதிப்படி அவர்களும் அவுட், புதிய விதிப்படி ரைடர் மட்டுமே அவுட் என்று வாதம் கிளம்பியது. எந்த விதிப்படி ஆடுகிறோம் என்பதே தெளிவாக இல்லாமல், தீர்ப்பு மாறி மாறி வந்து, இரு அணி வீரர்களும் தரையில் உட்கார்ந்துவிட, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றுபோனது. இந்தியா 33க்கு 29 என்று தங்கம் வென்றது. நம் நாட்டு ஆட்டத்தை உலகுக்குக் காட்டக் கிடைத்த மேடையில், கபடி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? நான் இந்தியன் என்பதால் மகிழ்ந்தேன். கபடிக்காரன் என்பதால் கூசினேன்.

கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. எல்லா அணிகளும் எப்போதும் சமமாக இருந்துவிட்டாலும் சுவை குறையும். வீழ்த்துவதற்கு ஒரு வல்லவன் வேண்டும். பிரெஞ்சு ஓபன் டென்னிஸில் பதினான்கு முறை வென்ற நடால் அங்கே தோற்ற ஆட்டங்கள் நான்கே நான்கு. அதனால்தான் 2009இல் அவரை முதன்முதலில் வீழ்த்திய சோடர்லிங்கின் பெயரை இன்றும் சொல்கிறோம். பேயர்ன் மியூனிக் அணி 2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினொரு முறை ஜெர்மன் கால்பந்து லீக்கை வென்ற காலத்திலும் அந்நாட்டு அரங்குகள் நிரம்பியே இருந்தன. சொந்த அணி என்ற பாசமும் பழக்கமும் கூட்டத்தைக் கொண்டுவரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 2024இல் லெவர்குசன் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் அந்த லீக்கை எடுத்துக்கொண்டபோது உலகமே அதைப் பேசியதற்கு, முன் சென்ற பதினொரு ஆண்டுகளும் காரணம். 2023 உலகக் கோப்பையில் தொடர்ந்து பத்து ஆட்டங்கள் வென்ற இந்தியா அகமதாபாதில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது நம்மை அந்த அளவு வருத்தியதும் அப்படித்தான். ஆகவே வல்லவனை விதியால் கட்டிப்போட வேண்டும் என்பதல்ல என் கட்சி. அவனை வெல்ல எளியவனுக்கு நேர்மையான ஒரு வழி திறந்திருந்தால் போதும்.

ஐ.பி.எல்.லின் 'இம்பாக்ட் பிளேயர்' விதியையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 2023இல் வந்த இந்த விதியால், பந்துவீச்சாளருக்குப் பதில் இடையில் ஒரு மட்டையாளரை இறக்க முடிகிறது. 2024இல் ஹைதராபாத் 287 ஓட்டங்கள் குவித்தது. பஞ்சாப் 262 என்ற இலக்கை எட்டியது. இதற்கு இந்த விதி ஒன்றே காரணமென்று சொல்ல மாட்டேன், ஆடுகளமும் உண்டு. ஆனால் எட்டாவது விக்கெட் வரை மட்டை பிடிக்கத் தெரிந்தவரே வரும்போது, விக்கெட் விழுவதில் இருந்த அச்சம் போய்விட்டது. இரண்டையும் செய்யும் ஆல்ரவுண்டருக்கு வேலை குறைகிறது என்று ரோகித் சர்மாவே வெளிப்படையாகச் சொன்னார். பரபரப்புக்காகக் கொண்டுவந்த விதி, எல்லா ஆட்டத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுமானால் பரபரப்பு எங்கே மிஞ்சும்?

நம் மாவட்டங்களில் தை பிறந்தால் வாரந்தோறும் எங்காவது ஒரு கபடி, கைப்பந்துப் போட்டி நடக்கிறது. அவற்றை நடத்துவோரிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள். சமனில் முடிந்தால் என்ன செய்வது என்பதை அணிகளிடம் பதிவுக் கட்டணம் வாங்கும்போதே எழுதிக் கொடுங்கள். முதல் விசில் ஊதிய பிறகு, இறுதியாட்டம் முடியும்வரை எந்த விதியையும், நல்ல விதியாக இருந்தாலும், தொடாதீர்கள். லீக் சுற்றின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் இரண்டு களங்களில் நடத்துங்கள். 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், முந்தைய நாளே முடிந்துவிட்ட மற்ற ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு, இருவருக்கும் தோதான 1க்கு 0 என்ற கணக்கிலேயே நேரத்தை ஓட்டி அல்ஜீரியாவை வெளியேற்றின. 1986 முதல் உலகக் கோப்பையில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஈரோடு மாவட்டத்தில் அது இன்னும் திறந்தே இருக்கிறது.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்ட முடிவுகளைக் கட்டம் கட்டி வெளியிடும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், ஒரு தொடர் தொடங்கும் நாளன்று அதன் விதிகளில் புதியவை எவை, சமன் ஆனால் என்ன, மழை வந்தால் என்ன என்பதைச் சிறு பெட்டிச் செய்தியாகவாவது தர வேண்டுகிறேன். 2022 டி.என்.பி.எல். இறுதியாட்டம் கோவையில் மழையால் நின்று, கோவை அணியும் சேப்பாக்கம் அணியும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டபோது, அரங்கிலிருந்து திரும்பிய என் பேரன், "தாத்தா, நம்ம ஜெயிச்சமா இல்லையா?" என்று கேட்டான். விதியை முன்பே படித்திருந்தால் அவனுக்கு அந்த இரவிலேயே பதில் சொல்லியிருப்பேன்.

எங்கள் போட்டிக்கான விதிகளை, சமன் ஆனால் இரு அணிக்கும் தலா ஐந்து ரைடுகள் என்பது உட்பட, இந்த ஆண்டு தகரப் பலகையில் எழுதி மைதான வாயிலில், கம்மங்கூழ்க் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தவிருக்கிறோம். டாஸில் வெளியேறிய அந்த அணிக்கும் அதன் படி ஒன்றைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.